ஒளியால் தூய்மையாகும் நீர்: பவளப்பாறைத் தொட்டிக்குப் புற ஊதா விளக்கு வந்த வரலாறு

கடல்நீரை நிரப்பி, உயிருள்ள பவளங்களையும் அவற்றை ஒட்டி வாழும் மீன்களையும் வீட்டிலேயே வளர்க்கும் கண்ணாடித் தொட்டி பவளப்பாறைத் தொட்டி எனப்படுகிறது. இத்தகைய தொட்டிகள் பலவற்றின் கீழறையில் பம்புடன் இணைந்த நீண்ட உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அந்த உருளையின் நடுவே, குவார்ட்ஸ் உறைக்குள் பாதரச ஆவி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்க, உறைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடைப்பட்ட குறுகலான வெளியில் தொட்டியின் நீர் புகுந்து ஓடி மீண்டும் தொட்டிக்கே திரும்பும். விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்தைவிட அலைநீளம் குறைந்த கதிர், அந்த நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத் தாக்கிச் செயலிழக்கச் செய்கிறது. இக்கருவி மீன் வளர்ப்போருக்காகப் பிறந்ததன்று. நகரங்களின் குடிநீருக்காகத் தோன்றி, அங்கே தோற்று, சிப்பிப் பண்ணைகளிலும் பொதுக் காட்சியகங்களிலும் பயின்று, அதன் பின்னரே வீட்டுத் தொட்டியை அடைந்தது. இந்த நெடிய பயணம் முழுவதும் இக்கருவியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தீர்மானித்தது ஒரே இயல்புதான்: தன்னைக் கடந்து செல்லும் நீரில் அது எதையும் விட்டுச் செல்வதில்லை. நகரத்தில் அதைத் தோற்கடித்ததும், மீன் தொட்டியில் அதற்கு இடம் பெற்றுத் தந்ததும், அந்தத் தொட்டியிலேயே அதன் ஆற்றலுக்கு எல்லை வகுத்ததும் இந்த இயல்பே ஆகும்.

கதிரும் விளக்கும்

1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் சிவப்புக்கு அப்பாலும் வெப்பம் தரும் கதிர்கள் உள்ளன என்று கண்டறிந்தார். அதற்கு மறு ஆண்டே, ஜெர்மனியின் யேனா நகரில் வாழ்ந்த யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையின் மறுமுனையிலும் ஏதேனும் இருக்கக்கூடும் என்று கருதி, ஒளி பட்டால் கருக்கும் வெள்ளிக் குளோரைடு என்னும் உப்பை ஊதா நிறத்துக்கு அப்பால் ஒளியற்றதாகத் தோன்றிய இடத்தில் வைத்தார். நிறங்கள் விழுந்த இடங்களைக் காட்டிலும் அங்கே அந்த உப்பு விரைந்து கருத்ததைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத கதிர் அங்கு உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். அக்கதிருக்கு வேதிவினையைத் தூண்டும் வலிமை உண்டு என்பது அப்போதே தெளிவாகியபோதிலும், உயிர்களின்மீது அது என்ன செய்யும் என்பதை அறிய முக்கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1877இல் இங்கிலாந்தின் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளன்ட் ஆகிய இருவரும், நுண்ணுயிர்கள் வளரத்தக்க கரைசலைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி, சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை ஈயத்தாளால் மூடியும் வைத்தனர். மூடி வைத்தவை சில நாட்களில் கலங்கிப் போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. சூரிய ஒளிக்கு நுண்ணுயிர்களை அழிக்கும் ஆற்றல் உண்டு என்று அவர்கள் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்ததோடு, நிறமாலையின் நீல, ஊதாப் பகுதிக் கதிர்களே இதில் வலிமை மிக்கவை என்பதையும் தொடர்ந்து காட்டினர். இந்த அறிவை மருத்துவத்தில் பயன்படுத்தி, தோலைத் தாக்கும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை அளித்த டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார்.

வெயிலை நம்பி ஒரு தொழிலை நடத்த இயலாது என்பதால், அக்கதிரை வேண்டும்போது உண்டாக்கும் விளக்கு தேவைப்பட்டது. 1901இல் அமெரிக்காவின் பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். குறைந்த அழுத்தத்தில் உள்ள பாதரச ஆவியின் ஊடாக மின்சாரம் பாயும்போது, அதிலிருந்து வெளிப்படும் கதிரின் பெரும்பகுதி 254 நானோமீட்டர் அலைநீளத்தில் அமைகிறது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆயினும் சாதாரணக் கண்ணாடி அந்த அலைநீளத்தைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடுவதால், கண்ணாடிக் குழாயில் எரியும் விளக்கு வெளியே வெளிச்சத்தைத் தருமே தவிர நுண்ணுயிரைக் கொல்லும் கதிரைத் தராது. குவார்ட்ஸ் அக்கதிரைத் தடையின்றி வெளியே விடும். மிக உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே உருகும் குவார்ட்ஸைக் குழாயாக வார்க்கும் கலையை ஜெர்மனியின் ஹானாவ் நகரில் ஹெரேயஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிக்கார்ட் கூக் முதலியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவரப்பெற்றபோதுதான், கதிரை நீருக்குள் செலுத்தும் வழி திறந்தது. இன்றைய மீன் தொட்டிக் கருவியின் இரு முக்கிய உறுப்புகளும், அதாவது பாதரச விளக்கும் குவார்ட்ஸ் உறையும், அந்தப் பத்தாண்டில் உருவானவையே.

நகரத்தில் கண்ட தோல்வி

1910இல் பிரான்சின் மார்செய் நகரில், குடிநீரைப் புற ஊதாக் கதிரால் தூய்மைப்படுத்தும் முதல் நிலையம் நிறுவப்பட்டது. அந்நகருக்கு நீர் வழங்கிய கால்வாய் டுரான்ஸ் ஆற்றிலிருந்து வந்தது. வண்டல் மிகுந்த அந்த ஆற்று நீரை முதலில் வடிகட்டித் தெளிவாக்கினால் மட்டுமே கதிர் அதனுள் ஊடுருவும். கலங்கலுக்குப் பின்னால் ஒளிந்த நுண்ணுயிரைக் கதிர் தொடாது என்னும் பாடம், இக்கருவியின் வரலாற்றில் முதல் நாளிலேயே கற்கப்பட்ட ஒன்றாகும். விளக்குகள் விரைவில் பழுதாயின; மின்செலவும் மிகுந்திருந்தது; ஆகவே மார்செய் நிலையம் நீண்ட காலம் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் ஹென்டர்சன் நகரம் 1916இல் இதே முறையை மேற்கொண்டது. 1920களில் ஒஹாயோவிலும் கான்சஸிலும் சில சிற்றூர்கள் அதைப் பின்பற்றின. 1930களின் இறுதிக்குள் அவை அனைத்தும் கைவிடப்பட்டன.

இத்தோல்விக்கு விளக்கின் பழுது மட்டும் காரணமன்று. 1908இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டி, தன் குடிநீர் முழுவதிலும் குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கியது. அம்முறை மலிவானதாகவும் எளிதானதாகவும் இருந்ததோடு, குழாய்களின் வழியே நீர் பல மைல் செல்லும் காலம் முழுவதும் அதில் எஞ்சி நின்று காவல் புரியும் தன்மையும் கொண்டிருந்தது. புற ஊதாக் கதிரோ விளக்கின் முன் நீர் நிற்கும் சில நொடிகளில் மட்டுமே வேலை செய்யும். அந்த இடத்தைக் கடந்த பின் குழாயின் ஓட்டையில் புகும் ஒரே ஒரு கிருமியைக்கூட அதனால் தடுக்க முடியாது. எதையும் விட்டுச் செல்லாமை என்னும் இயல்பு, நகரப் பொறியாளர்களின் கணக்கில் குறையாகவே எழுதப்பட்டது.

கதிர் நகரங்களை விட்டு விலகிய காலத்தில் ஆய்வகங்களில் அதைப் பற்றிய அறிவு வளர்ந்தது. 1930ஐ ஒட்டி ஃபிரெடெரிக் கேட்ஸ் வெவ்வேறு அலைநீளங்களைத் தனித்தனியே பாக்டீரியாவின்மீது செலுத்திப் பார்த்து, 265 நானோமீட்டரை ஒட்டிய கதிரே மிகக் கொடியது என்றும், உயிரணுவின் உட்கரு அமிலங்கள் ஒளியை உறிஞ்சும் பாங்கும் அதே வடிவில் அமைந்துள்ளது என்றும் காட்டினார். மரபுப் பண்புகளைத் தாங்குவது டி.என்.ஏ. என்பது நிறுவப்படாத காலத்தில் வந்த இந்த முடிவு, பின்வந்த உயிரியலுக்கே ஒரு முன்னறிவிப்பாக அமைந்தது. கதிர் பட்டவுடன் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் தைமின் என்னும் இரு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால், அந்த இழை படியெடுக்க இயலாததாகிறது என்பது 1960இல் தெளிவாயிற்று. ஆகவே இக்கருவி நுண்ணுயிரைச் சுட்டெரிப்பதில்லை. அது பெருகும் வழியை அடைக்கிறது. 1949இல் ஆல்பர்ட் கெல்னர் கண்டறிந்த மற்றோர் உண்மையும் இங்கே குறிப்பிடத்தக்கது: புற ஊதாக் கதிரால் சிதைந்த நுண்ணுயிர்மீது பின்னர் நீல ஒளி பட்டால், அதனுள் இருக்கும் ஒரு நொதி அந்த ஒளியின் ஆற்றலைக் கொண்டே சிதைவைச் செப்பனிட்டு விடக்கூடும். பவளங்களுக்காக நீல ஒளியை மிகுதியாகப் பாய்ச்சும் இன்றைய தொட்டிகளைப் பொறுத்தவரை, இந்த அறிவு தனிப் பொருள் பெறுகிறது. கதிரின் அளவு குறைவாக இருந்தால் பிழைத்த உயிர் மீண்டெழ வாய்ப்பு உண்டு என்பதே அது.

கடல்நீருக்குள் நுழைந்த கதை

நகரங்கள் கைவிட்ட முறையைக் கடல்நீருக்குக் கொண்டுவந்தது சிப்பித் தொழில். சிப்பிகளும் மட்டிகளும் தம் செவுள்களின் வழியே நீரை இடைவிடாது வடித்து உணவு கொள்வதால், சாக்கடை கலந்த கடலில் வளரும்போது டைபாய்டு முதலிய நோய்களின் கிருமிகளையும் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றைச் சில நாட்கள் தூய நீரில் வைத்தால், சேர்ந்த கிருமிகளைத் தாமே வெளியேற்றிவிடும். வேல்ஸின் கான்வி நகரில் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து மட்டிகளை இவ்வாறு தூய்மைப்படுத்தி வந்தனர். அதற்கான கடல்நீரைக் குளோரினால் சுத்திகரித்தனர். ஆனால் குளோரின் எஞ்சியிருக்கும் நீரில் சிப்பி தன் ஓட்டை மூடிக்கொள்ளும். மூடிய சிப்பி நீரை வடிப்பதில்லை, கிருமியையும் வெளியேற்றுவதில்லை. ஆதலால் குளோரினைக் கலந்த பின் அதை வேறொரு வேதிப்பொருளால் நீக்க வேண்டியிருந்தது. புற ஊதாக் கதிர் இந்தச் சிக்கலை அடியோடு தீர்த்தது. 1961இல் அமெரிக்காவில் கெல்லி, கடல்நீரைப் புற ஊதாக் கதிரால் தூய்மைப்படுத்துவது பற்றிய ஆய்வை வெளியிட்டார். அதே காலத்தில் பிரிட்டனில் வூட், சிப்பிகளின் தூய்மைக்கு இம்முறையைத் தகுதிப்படுத்தினார். நகரக் குழாயில் குறையாக எண்ணப்பட்ட அதே இயல்பு, உயிர் வாழும் நீரில் முதல்முறையாக நற்பண்பாக மதிக்கப்பட்டது இங்கேதான்.

இக்காலத்துக்குள் விளக்கும் மாறியிருந்தது. 1930களின் பிற்பகுதியில் பரவிய குழல்விளக்கின் தொழில்நுட்பம், நீண்ட ஆயுளும் குறைந்த மின்செலவும் கொண்ட கிருமிநாசினி விளக்குகளை மலிவாகத் தந்தது. 1955இல் சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் குடிநீருக்கு இம்முறை மீண்டும் உயிர்பெற்றது. 1966இல் அமெரிக்கப் பொது நலவாழ்வுத் துறை, குடிநீர் பெற வேண்டிய கதிரின் சிற்றளவைச் சதுர சென்டிமீட்டருக்கு 16 மில்லிஜூல் என்று வகுத்தது. கதிரின் செறிவை அது படும் நேரத்தால் பெருக்கி வருவதே இந்த அளவு. ஆகவே ஒரே விளக்கின் முன் நீர் மெதுவாகச் சென்றால் மிகுதியான கதிரையும், விரைந்து சென்றால் குறைவான கதிரையும் பெறும்.

காட்சியகங்களின் நோய்கள்

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வாழவைக்கும் முயற்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தொடங்கியது. 1846இல் ஆனா தைன் என்னும் பெண்மணி, டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, நீரை மீண்டும் மீண்டும் உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றச் செய்து அவற்றைக் காப்பாற்றினார். தாவரம் வெளிவிடும் ஆக்சிஜனும் விலங்கு வெளிவிடும் கழிவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்னும் சமநிலைக் கொள்கையை 1850இல் ராபர்ட் வாரிங்டன் முன்வைத்தார். 1853இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சியகத்தில் மக்கள் பார்க்கும் மீன்கூடம் திறக்கப்பட்டது. ஃபிலிப் ஹென்றி காஸின் நூல் 1854இல் வெளியாகி இக்கலையை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. 1871இல் கிரிஸ்டல் பேலஸில் காட்சியகம் அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு, பார்வைத் தொட்டிகளின் நீரை இருண்ட பெரிய நிலவறைத் தேக்கத்தோடு இணைத்து இடைவிடாது சுழலவிட்டார். சென்னையிலும் 1909இல் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்படும்வரை கடல் உயிர்களை மக்களுக்குக் காட்டிவந்தது.

ஒரே நீர் பல தொட்டிகளில் சுழன்று வரும் ஏற்பாடு கடலிலிருந்து தொலைவில் உள்ள நகரங்களுக்கு வரமாக அமைந்தபோதிலும், ஒரு மீனின் நோயை எல்லா மீன்களுக்கும் கொண்டுசெல்லும் வழியாகவும் அதுவே ஆயிற்று. 1931இல் மார்கரெட் பிரவுன், மீன்களின் செவுளிலும் தோலிலும் ஒட்டி வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியை லண்டனில் விவரித்தார். இன்று அமைலோடினியம் எனப்படும் அது, மீன்மேல் பொன்னிறத் தூள் பூத்ததுபோன்ற வெல்வெட் நோயை உண்டாக்குவது. 1936இல் நியூயார்க் காட்சியகத்தின் ரோஸ் நிக்ரெல்லி அதன் வாழ்க்கைச் சுழற்சியை வகுத்துரைத்தார். வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் மற்றோர் ஒட்டுண்ணியை 1937இல் ஜப்பானின் சிகாமா விவரித்திருக்க, 1951இல் பிரவுனே அதற்குக் கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்று பெயரிட்டார். பரந்த கடலில் அரிதாகவே கேடு விளைக்கும் இவ்வுயிர்கள், மீன்கள் நெருங்கி வாழும் தொட்டியில் சில வாரங்களில் அனைத்தையும் அழித்துவிடும் வல்லமை பெற்றவை.

1955இல் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெய்ன்ஹார்ட் காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், தாமிர சல்பேட்டைச் சிறிதளவு கலந்து வெல்வெட் நோயைக் குணப்படுத்தும் முறையை வெளியிட்டார். அது பெரும் பயன் தந்தது. ஆனால் தாமிரம் நண்டு, சிப்பி, கடல்சாமந்தி, பவளம் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு. மீனைக் காக்கும் மருந்தே மற்ற உயிர்களைக் கொல்லும் என்னும் நிலையில், நீரில் எதையும் சேர்க்காமல் நோயைக் குறைக்கும் வழி தேடப்பட்டது. அதே காட்சியகத்தின் ஏர்ல் ஹெரால்டும் டெம்ப்ஸ்டரும் அவர்களது உடன்பணியாளர்களும் 1960களில், சுழலும் கடல்நீரை வடிகட்டிப் புற ஊதாக் கதிரால் தூய்மைப்படுத்தும் முறையைப் பெரிய அளவில் கையாண்டு அதைப் பற்றி எழுதினர். அதன் பின் பொதுக் காட்சியகங்களின் பொறியறையில் இவ்விளக்குக்கு நிலையான இடம் கிடைத்தது.

பவளம் வீட்டுக்கு வந்தது

வெப்பக்கடல் மீன்களை உயிரோடு ஏற்றுமதி செய்யும் தொழில் 1930களில் இலங்கையில் சிறு அளவில் தொடங்கி, விமானப் போக்குவரத்து வளர்ந்த பின் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் பெருகியது. ஆயினும் பவளம் நெடுங்காலம் வீட்டுத் தொட்டியில் பிழைக்கவில்லை. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும், அதாவது நுண்ணுயிர்களும் பாசிகளும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் பாறைத் துண்டுகளையும், மெல்லிய காற்றுக்குமிழியையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்க்கலாம் என்று ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். ஐரோப்பாவில் பீட்டர் வில்கன்ஸ் 1973இல் வெளியிட்ட ஜெர்மன் நூலில், பவளத்தின் எலும்புக்கூடு வளர்வதற்கான கால்சியத்தைச் சுண்ணாம்புத் தெளிநீரின் வழியே தரும் முறையை விளக்கினார். பெர்லின் நகர வளர்ப்பாளர்கள், நீரில் கரைந்த கழிவுகளை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்னும் கருவியை உயிர்ப்பாறையோடு இணைத்தனர். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர் கட்டுரைகள் இக்கலையை அமெரிக்க வீடுகளில் பரப்பின. அதுவரை மீன் மட்டும் இருந்த கடல்நீர்த் தொட்டிகள் பவளத் தொட்டிகளாக மாறத் தொடங்கின.

இந்த மாற்றத்தோடு நோயின் சிக்கலும் கூர்மையடைந்தது. மீன் மட்டும் உள்ள தொட்டியில் தாமிரத்தைக் கலக்கலாம், உப்பின் செறிவைப் பெரிதும் குறைக்கலாம். பவளத் தொட்டியில் இவ்விரண்டும் இயலாதவை. மருந்தின் கதவு அடைபட்ட இடத்தில், நீரில் எதையும் சேர்க்காத விளக்கு ஒன்றே நம்பிக்கையாகத் தோன்றியது. நெகிழிக் கூட்டில் அடங்கிய சிறு விளக்குகள் மீன் கடைகளில் விற்பனைக்கு வந்தன. குடிநீர்த் துறையில் அரை நூற்றாண்டு முன்பு இழந்த மதிப்பை, வீட்டுக் கூடத்தில் இக்கருவி மீட்டுக்கொண்டது.

மூடிய நீரின் கணக்கு

இம்மதிப்பைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வும் காலத்தே வந்தது. நீர்வாழ் உயிர்க் காட்சியகங்களின் நீர் மேலாண்மையை அறிவியலாக வளர்த்த ஸ்டீஃபன் ஸ்பாட், கேரி ஆடம்ஸ் என்பாருடன் சேர்ந்து 1981இல் வெளியிட்ட கட்டுரையில், மூடிய நீர்ச்சுழலில் புற ஊதாக் கதிரால் நோய்க்கிருமிகள் குறைவதாகச் சொல்லப்படுவது உண்மையா, வெறும் தோற்றமா என்று வினவினார். அவர்களது வாதத்தின் அடிப்படை எளியது. நகரக் குழாயிலும் சிப்பித் தொட்டிக்கு வரும் நீரிலும் கிருமி வெளியிலிருந்து வருகிறது. விளக்கு வாயிலில் நிற்கிறது. நீர் ஒரே ஒருமுறை அதைக் கடந்து உள்ளே செல்கிறது. மூடிய தொட்டியிலோ கிருமி உள்ளேயே பிறக்கிறது. விளக்கைக் கடந்து தூய்மையான நீர், தூய்மையாகாத நீரோடு மீண்டும் கலக்கிறது. ஆகையால் குழாயின் முனையில் 99 விழுக்காடு அழிவு காணப்பட்டாலும், தொட்டிக்குள் அதே விழுக்காடு குறைந்தது என்று பொருளாகாது.

இதைக் கணக்காகவும் காட்டலாம். 400 லிட்டர் தொட்டியின் நீரை மணிக்கு 400 லிட்டர் வீதம் விளக்கின் வழியே செலுத்தினால், ஒரு மணி நேரத்தில் நீர் முழுவதும் கதிரைக் கண்டுவிட்டது என்று தோன்றும். உண்மையில், நீர் இடைவிடாது கலந்துகொண்டே இருப்பதால், ஏறத்தாழ 37 விழுக்காடு நீர் விளக்கை ஒருமுறைகூடக் கண்டிராது. அது 1 விழுக்காடாகக் குறைய 4.6 மணி நேரமும், பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 9.2 மணி நேரமும் ஆகும். அந்த இடைவெளியில் பல பாக்டீரியாக்கள் பலமுறை இரட்டிக்கின்றன. நீரை விரைந்து சுழற்றினால் கலக்கும் கணக்கு மேம்படும், ஆனால் ஒவ்வொரு துளியும் பெறும் கதிர் குறையும். மெதுவாகச் செலுத்தினால் கதிர் கூடும், ஆனால் சுழற்சி குறையும். பாக்டீரியாவை அடக்கச் சிறிய அளவே போதும் என்றாலும், உருவில் அதனினும் பலமடங்கு பெரிய ஒட்டுண்ணிகளுக்குப் பன்மடங்கு கதிர் தேவைப்படுவதால், இந்த இழுபறியை வெல்ல வேண்டுமானால் விளக்கும் உருளையும் தொட்டிக்கு ஏற்பப் பெரியவையாக இருந்தாக வேண்டும்.

ஒட்டுண்ணியின் வாழ்க்கை முறை இந்த வரம்பை மேலும் விளக்குகிறது. கிரிப்டோகாரியன் முதலில் மீனின் தோலுக்கு அடியில் புதைந்து சில நாட்கள் உண்டு வளர்கிறது. பின் உதிர்ந்து மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடுகட்டிக்கொள்கிறது. அக்கூட்டுக்குள் பலவாகப் பிரிந்து, சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை கழித்து, நீந்தும் குஞ்சுகளாக வெளிவருகிறது. நீந்தும் பருவத்தில் மட்டுமே அதை விளக்கு எதிர்கொள்ள முடியும். அப்பருவமோ ஒரு நாள், இரண்டு நாள் அளவே நீடிப்பது, அதிலும் முதற்சில மணி நேரத்திலேயே மீனைப் பற்றும் ஆற்றல் மிக்கது. கூடு உடைவது பெரும்பாலும் இருளில், மீன்கள் பாறையிடுக்கில் அசையாது உறங்கும் நேரத்தில் நிகழ்வதால், குஞ்சுகளில் பல பம்பின் வாயை அடையுமுன்னரே தம் இரையை அடைந்துவிடுகின்றன. தோலுக்கு அடியில் இருப்பதையும் மணலில் கூடுகட்டி இருப்பதையும் தொடும் பொருள் எதையும் கதிர் நீரில் விட்டுச் செல்வதில்லை. பவளத்தைக் காத்த இயல்பே ஒட்டுண்ணியையும் காக்கிறது.

இதனால் கருவி பயனற்றது என்று முடிவு செய்வது தவறாகும். நீரில் மிதந்தே வாழும் உயிர்களின் பெருக்கத்தை அது திறம்பட அடக்குகிறது. நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகளும், கரிமப் பொருள் மிகுந்தபோது நீரைப் பால்போல் வெண்மையாக்கும் பாக்டீரியாக்களும், பகலில் மணலைப் போர்த்தியிருந்து இரவில் நீரில் மிதக்கும் சில நச்சுச் சுழல்கசையுயிர்களும் விளக்கின் முன் வந்தே தீரும் என்பதால், நாட்கணக்கில் குறைந்துவிடுகின்றன. கழிவாகும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்களை இவ்விளக்கு அழித்துவிடும் என்று வளர்ப்போர் அஞ்சியதும் உண்டு. அவை பாறையின் பரப்பிலும் வடிகட்டியிலும் படலமாக ஒட்டி வாழ்பவை என்பதால், அந்த அச்சத்துக்கு இடமில்லை. நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை உணவாகக் கொள்ளும் பவளங்களுக்கு இரை ஓரளவு குறையும் என்பது மட்டும் கருத்தில் கொள்ளத்தக்கது. மீனிலிருந்து மீனுக்குத் தொற்றும் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைத்து, நலமுள்ள மீனின் எதிர்ப்பாற்றல் தானே வெல்ல இடம் தருவதும் சிறு உதவியன்று.

மார்செய் நகரில் கற்ற பாடமும் தொட்டியில் மாறவில்லை. மீனின் கழிவாலும் பாசியாலும் மஞ்சளித்த நீர் கதிரை விழுங்குகிறது. செயலூட்டிய கரி அந்த நிறத்தை நீக்குகிறது. குவார்ட்ஸ் உறையின்மேல் படியும் சுண்ணாம்பும் பாசிப்படலமும் கதிரைத் தடுக்கின்றன. விளக்கு கண்ணுக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத கதிர் நாளடைவில் தேய்ந்து, ஏறத்தாழ ஓராண்டில் மாற்றத்தக்க நிலையை அடைகிறது. அந்த நீல வெளிச்சத்தைக் கண்டு கருவி வேலை செய்கிறது என்று நம்புவதும், கூட்டைத் திறந்து எரியும் விளக்கை நேரே பார்ப்பதும் ஒருசேரத் தவிர்க்க வேண்டியவை. பின்னது கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.

இன்றைய நிலை

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில், குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி கலந்து, ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றனர். அதைக் குறைந்த அளவு புற ஊதாக் கதிரே பெருகாமல் தடுத்துவிடும் என்பது 1998இல் தெரியவந்ததும், கதிரைக் கைவிட்ட நகரங்கள் அதனிடம் திரும்பின. 2013இல் நியூயார்க் தன் குடிநீருக்கு மிகப்பெரிய புற ஊதா நிலையத்தைத் திறந்தது. இந்தியாவில் 1984இல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அக்வாகார்டு, இதே கதிரைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. தமிழகக் கரையோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் உள்ளே வரும் கடல்நீரைத் தூய்மைப்படுத்த இவ்விளக்கு பயன்படுகிறது. இவை யாவும் நீர் ஒருமுறை கடந்து செல்லும் அமைப்புகள் என்பதும், அதனாலேயே இவற்றில் கதிரின் வலிமை முழுமையாக வெளிப்படுகிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

இனி இவ்விளக்கின் உறுப்புகளும் மாறவிருக்கின்றன. கடல்மீனின் வழியே பாதரச நஞ்சு பரவிய ஜப்பானிய ஊரின் பெயரைத் தாங்கிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்த பின், பாதரசம் இல்லாத விளக்கைத் தேடும் முயற்சி வலுப்பெற்றது. 265 முதல் 280 நானோமீட்டர் வரை கதிர் தரும் எல்.இ.டி. விளக்குகள் அத்தேடலின் பயனாக வளர்ந்து வருகின்றன. விளக்கு மாறினாலும் கணக்கு மாறாது: விளக்கின் முன் வராத உயிரை அதன் கதிர் தொடாது.

மன்னார் வளைகுடாவின் பவளங்கள் உள்ளிட்ட இந்தியக் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்று, அவற்றைச் சேகரிப்பது குற்றமாக்கப்பட்டுள்ளது. எங்கிருந்து வந்த உயிராயினும், தொட்டிக்குள் கொண்டுவரப்பட்ட பின் அதற்குக் கடலின் பரப்பு இல்லை. வளர்ப்பவரின் அறிவே துணை. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இந்த வரலாறு அந்த அறிவைச் சுருக்கமாகத் தருகிறது. புதிய மீனைத் தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்து நோயின்மையை உறுதி செய்த பின்னரே பவளத் தொட்டியில் சேர்ப்பதுதான் முதற்காவல். தெளிந்த நீரும், நல்ல உணவும், நெரிசலற்ற இடமும் அடுத்த காவல். தகுந்த அளவில் தேர்ந்தெடுத்து, தகுந்த வேகத்தில் நீரைச் செலுத்தி, உறையைத் துடைத்து, விளக்கை ஆண்டுதோறும் மாற்றிப் பேணும் புற ஊதாக் கருவி மூன்றாம் காவல். முதலிரண்டும் இல்லாத தொட்டியை மூன்றாவது காப்பாற்றாது. அவ்விரண்டும் உள்ள தொட்டியில் அது நம்பத்தக்க துணையாகும்.